டேலி ஆகாதபோது என்ன செய்கிறீர்கள்?

வணிகவியல் துறைப் பேராசிரியர்களே, பி.காம். முதலாண்டு மாணவர்களே, வணக்கம்.

தன்னம்பிக்கை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் சிலர் சாய்ந்து உட்காருகிறீர்கள். பயப்படாதீர்கள், 'உன்னால் முடியும்' என்று கைதட்ட வைக்கும் பேச்சு இல்லை இது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா என்றொரு உளவியலாளர் இருந்தார். 1977-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று, 'இந்த வேலையை என்னால் செய்து முடிக்க முடியும்' என்று ஒருவர் நினைப்பதைப் பற்றியது. 'நான் கெட்டிக்காரன்' என்ற பொதுவான நினைப்பு அல்ல, குறிப்பிட்ட ஒரு வேலை மீதுள்ள நம்பிக்கை. கல்லூரி விழாவில் கூச்சமே இல்லாமல் பாடும் பெண், தேய்மானக் கணக்கு என்றால் நடுங்கலாம்.

இந்த நம்பிக்கை மதிப்பெண்ணில் எப்படி இறங்குகிறது? நம் பாடத்தில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தியரி பேப்பரில் தப்பாக எழுதினாலும் பக்கம் நிறைந்துவிடும், தேர்வறையில் யாரும் தப்பு என்று சொல்லப்போவதில்லை. இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு நிலுவைகளைப் பட்டியலிட்டு இரு பக்கக் கூட்டுத்தொகையும் சேர்கிறதா என்று பார்க்கும் தாள், அப்படி விடாது. பற்றுக்கும் வரவுக்கும் 90 ரூபாய் இடிக்கிறது என்றால், எங்கோ தப்பு என்று உங்கள் தாளே சொல்லிவிடும். அடுத்த சில நிமிடங்களில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் 'எனக்குக் கணக்கே வராது' என்று அந்த 90-ஐ, காரணம் தெரியாத வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் அனாமத்துக் கணக்கில் தள்ளிவிட்டு நகர்கிறார். (அதற்கென்றே ஒரு கணக்கு இருப்பது எவ்வளவு வசதி!) இன்னொருவர், 90 ஒன்பதால் வகுபடுகிறதே, இலக்கம் இடம் மாறினால் அப்படித்தானே வரும், மாறியிருக்குமோ என்று தேடுகிறார். 540 என்பதை 450 என்று எழுதியது கிடைத்துவிடுகிறது. வித்தியாசம் 1,400 என்றால் பாதியாக்கி, 700 ரூபாய் எதிர்ப்பக்கம் ஏறி வித்தியாசத்தை இரட்டிப்பாக்கிவிட்டதா என்று பார்க்கிறார். இருவருக்கும் பாடம் ஒரே அளவு தெரிந்திருக்கலாம். தேடினால் கிடைக்கும் என்று நினைக்கிறவர்தான் தேடுகிறார்.

அயர்லாந்தில் முதலாண்டு கணக்கியல் மாணவர்களிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்விலும் நம்பிக்கைக்கும் தேர்வு மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரிந்தது. சரி, நம்பிக்கையால் மதிப்பெண் வந்ததா, மதிப்பெண்ணால் நம்பிக்கை வந்ததா? இரண்டும்தான். தானே செய்து ஜெயித்த அனுபவம்தான் நம்பிக்கையின் பெரிய ஊற்று என்று பண்டூராவே சொல்கிறார். பிறர் தட்டிக்கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

பொய்யான நம்பிக்கையும் உண்டு. பேராசிரியர் போர்டில் போடுகிறார், நாம் கோடு போட்டு அழகாக எழுதிக்கொள்கிறோம், 'புரிந்ததா?' என்றால் 'புரிந்தது சார்'. இயந்திரத்தைப் பழுதுபார்த்த செலவை, செலவுக் கணக்கில் எழுதாமல் இயந்திரக் கணக்கில் பற்று எழுதினாலும் இருப்பாய்வு சேர்ந்துவிடும், இலாபம்தான் தப்பாக வரும். அந்த மாதிரிதான் இதுவும். நோட்டை மூடிவிட்டு அதே கணக்கை வீட்டில் தனியாகப் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வாரமே முப்பது நடவடிக்கைகள் உள்ள கணக்கைத் தராதீர்கள். பத்து போதும், ஆனால் அதை அவர்களே டேலி செய்து முடிக்கட்டும். அப்புறம், பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்துவிட்டு வந்தவர்கள் பற்று, வரவு என்றாலே மிரள்கிறார்கள். அவர்களைப் போலவே அறிவியல் பிரிவிலிருந்து வந்து, முதல் பருவத்தில் அரியர் வைத்து, பிறகு எழுதித் தேறிய சீனியர் யாராவது கட்டாயம் இருப்பார். என்னைப் போல ஒருவரை அழைத்து மாலை போடுவதற்குப் பதில், அவரை ஒரு மணி நேரம் போர்டில் கணக்குப் போடச் சொல்லுங்கள். நடுவில் தடுமாறினால் இன்னும் நல்லது. எப்படித் தேடிப் பிடிக்கிறார் என்று எல்லாரும் பார்க்கட்டும்.