உலகமே தேடிப் போன கிம்பாப் கடை, ஆனால் அங்கே கிம்பாப் கிடையாது!

[காட்சி: சுவோன் கோட்டைச் சுவர், அதன் கீழே தாழ்வான கூரைகள், குறுகிய தெருக்கள்]

தென்கொரியாவின் சுவோன் நகரத்தில் ஒரு சிறிய உணவகம் இருக்கிறது. 2022 கோடைக்காலத்தில் அதன் வாசலில் நின்று படமெடுத்துக்கொள்ளக் கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். ஒரு தொலைக்காட்சித் தொடரில் வரும் கிம்பாப் கடை அது. கிம்பாப் என்றால், சோற்றையும் காய்கறிகளையும் கடற்பாசித் தாளில் சுருட்டி வெட்டிய கொரிய உணவு. தொடரைப் பார்த்து நாக்கில் எச்சில் ஊற வந்தவர்கள் உணவுப் பட்டியலைத் திறந்தால், அதில் கிம்பாப்பே இல்லை. ஏனென்றால் அது ஒரு ஜப்பானிய உணவகம்!

வணக்கம் நண்பர்களே. கொரியத் தொடர் பார்க்கும் அக்காவோ தங்கையோ உங்கள் வீட்டில் இருந்தால் இந்த வீடியோவை இப்போதே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

தொடரின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயர் 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ'. ஆட்டிசம் உள்ள வூ யங்-வூ என்ற இளம் வழக்கறிஞர்தான் நாயகி. நடித்தவர் பார்க் யுன்-பின். இ.என்.ஏ. என்ற சிறிய சேனலில் ஒளிபரப்பானது. முதல் பகுதிக்குக் கிடைத்த பார்வையாளர் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. பதினாறாவது பகுதி முடியும்போது அது 17.5 விழுக்காடு! நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகம் முழுக்கப் போனது தனிக்கதை.

நாயகியின் அப்பா தனி ஆளாக மகளை வளர்த்தவர். அவர் நடத்துவதுதான் 'வூ யங்-வூ கிம்பாப்' கடை. அந்தக் கடைக்காகத்தான் சுவோனில் உள்ள காசாகுருமா என்ற ஜப்பானிய உணவகத்துக்குப் பெயர்ப்பலகை மாற்றிப் படம்பிடித்தார்கள்.

[காட்சி: வெட்டிய கிம்பாப் துண்டு, மிக அருகில்]

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வூ யங்-வூ ஏன் கிம்பாப்பையே சாப்பிடுகிறாள்? தொடரே காரணம் சொல்கிறது: உள்ளே என்ன இருக்கிறது என்பது வெட்டிய பக்கத்திலேயே தெரிந்துவிடும். எதிர்பாராத சுவை வராது, எதிர்பாராத பதமும் பல்லில் தட்டாது. ஆட்டிசம் உள்ள பலருக்கு உணவின் மணம், வழவழப்பு, மொறுமொறுப்பு எல்லாம் மற்றவர்களைவிடப் பல மடங்கு தீவிரமாக உறைக்கும். தெரிந்த உணவு அவர்களுக்கு நிம்மதி. தட்டில் கிம்பாப் துண்டுகளை அவள் வரிசையாக நிமிர்த்தி வைக்கும் காட்சி வெறும் அழகுக்காக வைத்ததில்லை என்றே நினைக்கிறேன்.

ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே கடற்பாசித் தாள். அடுத்து, உப்பும் நல்லெண்ணெயும் கலந்த வெள்ளைச் சோறு. நடுவில் மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், கேரட், கீரை, முட்டை, ஹாம் ஆகியவை. சில கடைகளில் பர்டாக் என்ற வேரும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பக்குவம் செய்கிறார்கள். கீரையை வெந்நீரில் வாட்டிப் பிழிந்து எள்ளும் எண்ணெயும் சேர்த்துப் பிசைகிறார்கள், கேரட்டைத் தனியாக வதக்குகிறார்கள், முட்டையைத் தட்டையாக ஊற்றி எடுத்து நீளநீளமாக நறுக்குகிறார்கள். மூங்கில் பாயில் வைத்து இறுக்கிச் சுருட்டி, மேலே எண்ணெய் தடவி எள் தூவி வெட்டுகிறார்கள். சாப்பிட இரண்டு நிமிடம் போதும். செய்யும் அம்மாவுக்குக் காலைப்பொழுது முழுவதும் போய்விடும்.

"இது சுஷிதானே?" என்று கேட்பவர்களிடம் நான் கோபப்படுவதில்லை, ஆனால் உடனே மறுத்துவிடுவேன்! சுஷிச் சோற்றில் வினிகரும் சர்க்கரையும் சேரும். கிம்பாப் சோற்றில் எண்ணெயின் மணம்தான் ராஜா. சுஷியைச் சோயா சாஸில் தொட்டுச் சாப்பிடுவார்கள். கிம்பாப்புக்குத் தொட்டுக்கொள்ள எதுவும் தேவையில்லை, உப்பும் புளிப்பும் உள்ளேயே இருக்கின்றன. கடற்பாசியில் சோற்றைச் சுருட்டும் ஜப்பானின் நோரிமாகியிலிருந்து வந்ததா, கொரியாவிலேயே பிறந்ததா என்ற வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. அப்படியிருக்க, கொரியாவின் மிகப் பிரபலமான கிம்பாப் கடையாக நடித்தது ஒரு ஜப்பானிய உணவகம்! இதைப் படித்த அன்று வாய்விட்டுச் சிரித்தேன்.

அந்த எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. கொரியர்கள் எள்ளை வறுத்துப் பிழிகிறார்கள். நிறம் அடர்ந்திருக்கும், நாலு சொட்டு விட்டாலே அறை முழுக்க மணக்கும். கொரியப் பள்ளிக் குழந்தைகள் சுற்றுலா போகும் நாளில் அம்மா கட்டிக் கொடுப்பது கிம்பாப்தான். நம் ஊரில் பயணத்துக்கு நல்லெண்ணெய் விட்டுக் கிளறிய புளியோதரை கட்டிக் கொடுப்பார்களே, அதே வேலையை அங்கே இது செய்கிறது. ஒரு நாட்டில் இலைப் பொட்டலம், இன்னொரு நாட்டில் கடற்பாசி உருளை. இந்த ஒற்றுமைக்காகவே ஒரு லைக் போடலாம்!

[காட்சி: ஹ்வாசோங் ஹேங்குங் அரண்மனை முகப்பு]

போகும் வழி எளிது. சியோல் ஸ்டேஷனிலிருந்து முதலாம் எண் மெட்ரோ தடத்தில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சுவோன். அங்கிருந்து பஸ்ஸில் ஹ்வாசோங் ஹேங்குங் அரண்மனை. உணவகம் இருக்கும் ஹேங்குங்-டோங் பகுதி அரண்மனையை ஒட்டியது, நடந்தே சுற்றலாம்.

இந்தப் பகுதியை இயக்குநர்கள் ஏன் தேடி வருகிறார்கள் தெரியுமா? மன்னர் ஜோங்ஜோ 1794 முதல் 1796 வரை கட்டிய ஹ்வாசோங் கோட்டை, 1997 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. அதனால் சுற்றுப்புறத்தில் உயரமான கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் அடுக்குமாடி தலைநீட்டாது. 2024-இல் வந்த 'லவ்லி ரன்னர்' தொடரின் நாயகன், நாயகி வீடுகளையும் இங்கேதான் படம்பிடித்தார்கள். ஒரு கட்டடக் கட்டுப்பாடு இத்தனை கதைகளுக்கு உதவியிருக்கிறது!

ஆனால் ஒரு வேண்டுகோள். இது மக்கள் குடியிருக்கும் தெரு. சத்தத்தையும் நெரிசலையும் தாங்க முடியாமல் தவிக்கும் ஒரு பெண்ணின் கதையைப் பார்த்து நெகிழ்ந்துவிட்டு, அதே கடை வாசலில் கூச்சல் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ' தொடரில் வரும் பெரிய மரம், நாட்டின் தெற்கே உள்ள சாங்வோன் நகரைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் நிற்கிறது. சுமார் 500 வயது. தொடருக்குப் பிறகு கூட்டம் குவிந்து, வேரைச் சுற்றிய மண் மிதிபடுமே என்ற கவலை எழுந்தது. அதே ஆண்டிலேயே அரசு அதை இயற்கை நினைவுச் சின்னமாக அறிவித்தது என்பது ஆறுதல். உணவகத்துக்குப் போகிறவர்கள் கூட்டமில்லாத நேரத்தில் போங்கள். படமெடுத்துவிட்டு நகராமல் உள்ளே உட்கார்ந்து அவர்கள் சமைப்பதைச் சாப்பிடுங்கள். பெயர்ப்பலகை வாடகைக்கு வந்தது, சமையல்காரர் அந்தக் கடைக்காரர்தான்.

கிம்பாப் சாப்பிடாமல் திரும்பவும் வேண்டாம். நகரத்தில் சாதாரணக் கிம்பாப் கடைகள் நிறைய உண்டு. ஓர் உருளை பொதுவாக 3,000 முதல் 5,000 வோன் (கொரிய நாணயம்).

சைவம் சாப்பிடுபவர்கள் கவனியுங்கள். காய்கறிக் கிம்பாப் என்று கேட்டாலும் ஹாம், நண்டுக் குச்சி, மீன் கேக் ஏதாவது ஒன்று உள்ளே புகுந்துவிடும். "ஹேம் பே ஜூசேயோ" என்றால் "ஹாமை எடுத்துவிடுங்கள்". மீன் கேக்குக்கு "ஓமுக் பே ஜூசேயோ". கூடவே வரும் சூப்பில் பெரும்பாலும் நெத்திலியும், கிம்ச்சி என்ற காய்கறி ஊறுகாயில் மீன் சாஸும் இருக்கும், அவற்றைத் தொடாதீர்கள். இறைச்சியில்லாத கிம்பாப் ருசிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்: 2023-இல் அமெரிக்காவின் டிரேடர் ஜோஸ் கடைகளில் வந்த வேகத்தில் விற்றுத் தீர்ந்த, உறையவைத்த கிம்பாப்பில் இருந்தது டோஃபுவும் (சோயா பனீர்) காய்கறியும்தான்.

வீட்டில் செய்து பார்த்தவர்கள் சோற்றுக்கு எந்த அரிசி சரியாக ஒட்டியது என்று கமெண்ட்டில் எழுதுங்கள். நம் பொன்னி உதிர்ந்துவிடுகிறது; இட்லி அரிசியில் முயன்றவர் யாராவது இருந்தால் அவர் பதிலை முதலில் பின் செய்கிறேன்.