முடிவுக்கு முன்னால் கூப்பிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனையில் புறநோயாளிகள் கூட்டம். டோக்கன் எண்ணைச் சத்தம் போட்டுக் கூப்பிடுகிறார்கள். காது கேளாத ஒருவர் காலையிலேயே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தன் எண் எப்போது போனது என்றே அவருக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். திட்டம் போட்ட அறையில் காது கேளாதவர் ஒருவர்கூட இல்லை, அவ்வளவுதான். இருந்திருந்தால், எண் காட்டும் பலகை வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருப்பார்.

மருத்துவச் சேவையைத் திட்டமிடுவதில் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமை என்று 1978-லேயே, அல்மா அட்டா நகரில் உலக நாடுகள் கூடி வெளியிட்ட சுகாதாரப் பிரகடனம் சொல்லிவிட்டது. அதை உரிமையோடு கேட்டு வாங்கியவர்கள் ஒதுக்கப்பட்டவர்கள்தாம். 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த சுகாதார மாநாடு ஒன்றில், எய்ட்ஸ் நோயோடு வாழ்ந்தவர்கள் சிலர் மேடையேறி அறிக்கை வாசித்தார்கள். முடிவெடுக்கும் ஒவ்வொரு மட்டத்திலும் எங்களைச் சேருங்கள், சேவை நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்களில் இடம் கொடுங்கள் என்றார்கள். அந்த நோய்க்கு அப்போது மருந்தே கிடையாது. என்ன துணிச்சல் பாருங்கள்! 1994-இல் பாரிஸில் கூடிய 42 நாடுகள் அந்தக் கொள்கையை ஏற்றுக்கொண்டன. மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய முடிவுகளில் அவர்களையே கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது ஐ.நா.வின் 2006 உடன்படிக்கை.

இவ்வளவுக்குப் பிறகும் பல இடங்களில் கருத்துக்கேட்புக் கூட்டம் எல்லாம் முடிவான பிறகுதான் நடக்கிறது. அதுவும் வேலை நாளில், பட்டப்பகலில். தினக்கூலிக்காரர் வந்தால் அன்றைய கூலி போச்சு. படுத்த படுக்கையாக இருக்கும் தாயைப் பார்த்துக்கொள்ளும் மகள், மாற்று ஆள் இல்லாமல் எப்படி வருவார்? கூட்டமோ மாடியில், லிஃப்ட் கிடையாது. கடைசியில், "அழைத்தோம், வரவில்லை" என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அழைக்கிறவர்கள் கூலி இழப்பை ஈடுகட்டட்டும், பயணச் செலவை அன்றைக்கே கையில் கொடுக்கட்டும். சைகைமொழி தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும். திருநங்கை ஒருவரை மட்டும் பத்து அதிகாரிகள் நடுவில் உட்காரவைத்து, அவர் தன் சமூகம் முழுவதற்குமாகப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. மூன்று நான்கு பேராக வரட்டும். யார் வருவது என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

இதெல்லாம் நிதி ஒதுக்குவதற்கு முன்பே நடக்க வேண்டும். அவர்கள் சொன்னதில் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று பிறகு அவர்களிடமே போய்ச் சொல்ல வேண்டும். பெரிய செலவு பிடிக்காத வேலை இது. பெரும்பாலும் விட்டுப்போவதும் இதுதான்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.