மறதி நோய் வராமல் இருக்க என்ன சாப்பிடலாம், மூளைக்கு என்ன வேலை கொடுக்கலாம்? – அம்மாப்பேட்டை நேயரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். முதலில் கேள்வியை வாசித்துவிடுகிறேன்.

"அப்பாவுக்கு 68 வயது. விசைத்தறி ஓட்டியவர். இப்போது தறியை விற்றுவிட்டோம். பெரியப்பாவுக்கு வயதான பிறகு மறதி நோய் வந்து, கடைசியில் எங்களையே யாரென்று தெரியாமல் போய்விட்டது. அப்பாவுக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று தினமும் வல்லாரைப் பொடியும் வால்நட்டும் கொடுக்கிறேன். சுடோகு புத்தகம் வாங்கிக் கொடுத்தேன், தொடக்கூட மாட்டேன் என்கிறார். நாள் முழுக்க டிவிதான். பிபி, சுகர் மாத்திரை சாப்பிடுகிறார். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி நன்றாக இருக்கிறார். வேறு என்ன உணவு கொடுக்கலாம்? மூளைக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம்?"

உணவைப் பற்றியும் பயிற்சியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், இரண்டுக்கும் வருகிறேன். ஆனால் "காது கொஞ்சம் மந்தம்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மறதி நோயைத் தடுப்பது பற்றி லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை அதில் சொல்லியிருக்கிறார்கள். அவற்றையெல்லாம் சரிசெய்ய முடிந்தால் உலகில் வரும் மறதி நோயில் (டிமென்ஷியா) ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு. அந்த 14இல் அதிகப் பங்கு உள்ளவை இரண்டு. ஒன்று கெட்ட கொழுப்பு, இன்னொன்று காது கேளாமை.

காதுக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சரியாகக் கேட்காதபோது, எதிரே இருப்பவர் என்ன சொன்னார் என்று யூகிப்பதிலேயே மூளையின் சக்தி செலவாகிவிடுகிறது. கேட்டதை மனதில் பதியவைக்க மிச்சம் இருப்பதில்லை. அப்புறம், திரும்பத் திரும்ப "என்ன? என்ன?" என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு மனிதர் பேச்சையே குறைத்துவிடுகிறார். விசேஷ வீடுகளுக்குப் போவதில்லை, டீக்கடைக்குப் போவதில்லை. டிவியில் சத்தத்தை வேண்டிய அளவு கூட்டி வைத்துக்கொள்ளலாம், அது கோபித்துக்கொள்ளாது. உங்கள் அப்பா நாள் முழுக்க டிவி பார்ப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். தறிச் சத்தத்திலேயே வாழ்ந்தவர்களுக்குக் காது நரம்பு பாதிக்கப்படுவது சாதாரணமாக நடப்பதுதான்.

அமெரிக்காவில் நடந்த ஒரு ஆய்வு 2023இல் வெளிவந்தது. காது மந்தமான முதியவர்களில் ஒரு பிரிவினருக்குக் காது கேட்கும் கருவி பொருத்தி, பொருத்தாதவர்களோடு ஒப்பிட்டு 3 ஆண்டுகள் கவனித்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் மறதி நோய் வரும் ஆபத்து ஏற்கெனவே அதிகம் உள்ளவர்களிடம் மட்டும் பார்த்தபோது, மூளைத்திறன் குறைகிற வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆகவே அடுத்த வாரமே அப்பாவைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பார்க்கலாம். சிலருக்கு வெறும் அழுக்கு அடைப்பாகவும் இருக்கும், எடுத்தவுடன் கேட்க ஆரம்பித்துவிடும். கருவிதான் வேண்டும் என்றால், முதல் சில வாரங்கள் எல்லாமே இரைச்சலாகக் கேட்கும். அதில் சலித்துப் போய்க் கழற்றி பீரோவில் வைத்துவிடுவார்கள். அந்த வாரங்களில் பக்கத்தில் இருந்து பழக்குவது உங்கள் பொறுப்பு. கண்ணில் புரை இருந்தால் அதையும் கையோடு பார்த்துவிடுங்கள். பார்வைக் குறைவும் அந்த 14இல் ஒன்று.

சரி, உணவு. வல்லாரை நல்ல கீரை, துவையல் செய்து கொடுங்கள். ஆனால் அது மறதி நோயைத் தடுக்கும் என்று சொல்வதற்கு உறுதியான ஆதாரம் இதுவரை இல்லை. ஜின்கோ என்று ஒரு மாத்திரை விற்கிறார்களே, அதை அமெரிக்காவில் 3,000 முதியவர்களுக்கு மேல் வைத்துச் சோதித்து, பயனில்லை என்று 2008இலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே ஞாபகசக்திப் பொடி, ஞாபகசக்தி மாத்திரை என்று பணத்தை விடாதீர்கள். அந்தப் பணத்துக்குக் கீரையும் பழமும் வாங்குங்கள்.

மூளைக்கென்றே வகுத்த மைண்ட் உணவுமுறை என்று ஒன்று உண்டு. கீரை, பயறு, கொட்டை வகை, முழுத்தானியம், மீன், பெர்ரிப் பழங்கள் அதிகம். வெண்ணெய், இனிப்பு, பொரித்தது குறைவு. இப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு மறதி நோய் குறைவு என்று 2015இல் ஒரு ஆய்வு சொன்னது. ஆனால் 604 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்து 3 வருஷம் சோதித்தபோது, இந்த உணவு சாப்பிட்டவர்களுக்கும் வழக்கமான உணவையே கொஞ்சம் அளவு குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 2023இல் முடிவு வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூளையை மட்டும் தனியாகக் காப்பாற்றும் உணவு என்று ஒன்று கிடையாது. ரத்தக் குழாய்க்கு எது நல்லதோ அது மூளைக்கும் நல்லது. அப்படிப் பார்த்தால் நம் ஊர்ச் சாப்பாட்டிலேயே எல்லாம் இருக்கிறது. ராகி, கம்பு, கொள்ளு, முருங்கைக்கீரை, மீன் சாப்பிடுகிற வீடாக இருந்தால் மேட்டூர் மீன். வால்நட் கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை கொடுங்கள், தவறே இல்லை.

குறைக்க வேண்டியதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். காலையில் இட்லி, மதியம் சோறு, சாயங்காலம் தட்டுவடை செட், ராத்திரி மறுபடி தோசை என்று போனால் சுகர் எப்படிக் கட்டுப்படும்? ஜவ்வரிசி நம் ஊருக்குப் பெருமைதான், ஆனால் அது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. உடம்புக்கு லேசானது என்று நினைத்து சுகர் உள்ளவர்களுக்குத் தினம் கஞ்சி வைத்துக் கொடுக்காதீர்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்று, பி12 வைட்டமின். இது குறைந்தாலே மறதி வரலாம், அந்தக் குறையை ஊசியாலோ மாத்திரையாலோ சரிசெய்துவிடலாம். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கும், சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கும் குறைய வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள், தைராய்டையும் சேர்த்து.

பிபி மாத்திரையை "இப்போது நார்மலாக இருக்கிறது" என்று தானாக நிறுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மலாக இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்கள், அதை டப்பாவில் சேர்த்து வைப்பதற்கா? பீடி, புகையிலை இருந்தால் விட வேண்டும். நடை, வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம். முழங்கால் இடம் கொடுத்தால் குமரகிரி மலைக்கோயில் படியேறலாம், இல்லையென்றால் தெருவில் நடந்தாலே போதும்.

இனி மூளைக்கு வேலை. சுடோகுவைத் தொடமாட்டேன் என்கிறார் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள், விட்டுவிடுங்கள். சுடோகு போட்டால் பெரும்பாலும் சுடோகுவில்தான் திறமை வளரும். பிடிக்காததை மருந்து மாதிரி கொடுத்து என்ன பயன்? உங்கள் அப்பா யார் என்று யோசித்துப் பாருங்கள். பாவு பிணைத்தவர், அறுந்த நூலைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்தவர், கூலிக் கணக்கு, நூல் கணக்கு எல்லாவற்றையும் மனதிலேயே வைத்திருந்தவர். தறி போனதோடு அந்த யோசனைகள் அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோயின. அதற்குப் பதிலாக என்ன கொடுத்தோம்? "நீங்கள் சும்மா உட்காருங்கள் அப்பா, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டோம். அன்பினால்தான் சொல்கிறோம், ஆனால் அது நல்லதில்லை. பால் கணக்கு, கரண்ட் பில், மளிகைப் பட்டியல், ரேஷன் கடை, இவற்றை அவரிடமே கொடுங்கள். தப்பு வந்தால் வரட்டும். போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொடுங்கள், ஆனால் ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். புதிதாக ஒன்றைக் கற்பதுதான் மூளைக்கு உண்மையான உழைப்பு. பேரப்பிள்ளைகளோடு தாயமோ பல்லாங்குழியோ ஆடட்டும். அதில் எண்ணிக்கை இருக்கிறது, யோசனை இருக்கிறது, பேச்சும் இருக்கிறது.

அம்மாப்பேட்டை என்றதும் எனக்கு இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அங்கே வீட்டில் கன்னடமோ தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசி, கடைத்தெருவில் தமிழ் பேசுகிற நெசவாளர் குடும்பங்கள் நிறைய. ஹைதராபாத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோய் வந்த 648 பேரை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. உலகத்தில் எல்லா ஆய்வுகளும் இதோடு ஒத்துப்போகவில்லை. இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு மொழி இருந்தால், பிள்ளைகளுக்கு எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். தாத்தா பேரனோடு அதில் பேசட்டும்.

இதில் ஒன்றை மட்டும் செய்தால் போதுமா என்று கேட்டால், போதாது. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையிலான 1,260 பேரை எடுத்து, ஒரு பாதிப் பேருக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, பிபி சுகர் கண்காணிப்பு ஆகிய நான்கையும் சேர்த்து 2 வருஷம் கொடுத்தார்கள். மற்றவர்களைவிட அவர்களின் மூளைத்திறன் நன்றாக இருந்தது. 2015இல் வந்த முடிவு இது. நான்கும் சேர்ந்து நடந்தது என்பதுதான் முக்கியம்.

பெரியப்பாவுக்கு வந்ததால் அப்பாவுக்கும் வந்தே தீரும் என்று பயப்படாதீர்கள். வயதான பிறகு வருகிற மறதி நோயில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அது மட்டுமே தீர்மானிப்பதில்லை. அதே சமயம், எல்லாம் ஒழுங்காகச் செய்தும் சிலருக்கு வருகிறது. அது அவர்கள் குற்றமோ பிள்ளைகளின் குற்றமோ இல்லை.

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது எல்லோருக்கும் உண்டு. பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கொஞ்ச நேரத்துக்கு முன் கேட்டதையே மறுபடி கேட்பது, எப்போதும் செய்த கணக்கு வராமல் போவது, குணம் மாறுவது – இவை தெரிந்தால் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரையோ முதியோர் நல மருத்துவரையோ பாருங்கள். போகும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை, சளி மாத்திரை உட்பட. அவற்றில் சில முதியவர்களின் ஞாபகத்தை மந்தமாக்கும். எதை நிறுத்துவது, எதை மாற்றுவது என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார்.