பறவை தொட்ட பிள்ளை

அவையோருக்கு வணக்கம். 'ஆப்பிரிக்காவில் மக்கள்தொகை ஆய்வு' என்று அழைப்பிதழில் போட்டுவிட்டார்கள். தலைப்பு ஒரு கண்டம், கொடுத்திருப்பது இருபது நிமிடம். அதனால் கென்யத் தலைநகர் நைரோபியின் இரண்டு குடிசைப்பகுதிகளில் தொடங்குகிறேன்.

ஒன்று கொரோகோச்சோ. ஊர்க் குப்பையெல்லாம் வந்து குவியும் டாண்டோராவுக்குப் பக்கம். இன்னொன்று விவண்டானி. அங்கே பேசும் ஸ்வாஹிலி மொழியில் 'ஆலைப் பகுதி' என்று பொருள், பெயருக்கேற்ப ஆலைகளை ஒட்டி இருக்கிறது. இரண்டிலும் தகரச் சுவர், ஒரே அறை, அதற்குள் ஒரு குடும்பம்.

நகரத்துக் குழந்தைதான் அதிகம் பிழைக்கும் என்று வெகுநாள் நம்பினார்கள். கணக்கும் அப்படித்தான் சொன்னது. 1990களின் கடைசியில், பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஐந்து வயதுக்குள் இறந்தவர்கள் கென்யக் கிராமங்களில் ஏறக்குறைய 110, நைரோபியில் 60 சொச்சம். 2000இல் குடிசைப்பகுதிகளை மட்டும் தனியே பிரித்து விசாரித்தார்கள். வந்தது 151. கிராமத்தைவிட மோசம்! பங்களாவையும் குடிசையையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் 60 வராமல் என்ன செய்யும்?

விசாரித்தது நைரோபியிலேயே இருக்கும் ஆப்பிரிக்க மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வு மையம். 1995இல் ஆப்பிரிக்க ஆய்வாளர்களுக்கான உதவித்தொகைத் திட்டமாகத் தொடங்கி, 2001இல் தனி நிறுவனமானது. நைஜீரியரான அலெக்ஸ் எசே அதை நெடுங்காலம் நடத்தினார். ஆப்பிரிக்காவில் தகவல் திரட்டி, ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ உட்கார்ந்து கட்டுரை எழுதுவது வழக்கமாக இருந்த துறை இது. அதில் உள்ளூர்க்காரர்களே கேள்வியும் கேட்டு விடையும் எழுதுவது சின்ன மாற்றமல்ல.

அந்த ஒரு கணக்கோடு அவர்கள் விடவில்லை. கொரோகோச்சோவிலும் விவண்டானியிலும் நான்கு மாதத்துக்கு ஒருமுறை வீடுவீடாகப் போனார்கள். யார் பிறந்தது, யார் இறந்தது, யார் குடிவந்தது, யார் காலி செய்தது என்று கேட்டார்கள். போன முறை பார்த்த குடும்பம் இந்த முறை இருக்காது, பூட்டு தொங்கும். பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டும்.

சரி, இறப்பைத் தெரிந்துகொண்டாயிற்று. காரணம்? வீட்டிலேயே இறந்த குழந்தைக்கு எந்த டாக்டர் சான்று தருவார்? அதற்குத்தான் 'வாய்மொழிப் பிரேதப் பரிசோதனை' என்று ஒரு முறை இருக்கிறது. துக்க நாட்கள் கழியட்டும் என்று காத்திருந்துவிட்டு, பயிற்சி பெற்ற ஒரு பெண் போய்த் தாயின் எதிரில் உட்காருவார். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? மூச்சு வேகமாக வாங்கியதா? மூச்சு இழுக்கையில் விலா உள்ளே குழிந்ததா? அந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் நிமோனியாவைச் சந்தேகிக்கலாம்.

ஆனால் தாய் நிமோனியா என்றோ மலேரியா என்றோ சொல்லமாட்டாள். தான்சானியக் கடற்கரையில் குழந்தைக்கு வலிப்பு வந்தால் 'டெகெடெகெ' என்பார்கள். ஸ்வாஹிலியில் 'ன்டெகெ' என்றால் பறவை. பறவை வடிவில் வரும் ஆவி பிள்ளையைப் பிடித்துவிட்டதாக நம்பிக்கை. ஊசி போட்டால் பிள்ளை செத்துவிடும் என்ற பயமும் உண்டு, அதனால் முதலில் நாட்டு வைத்தியரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். மூளையைத் தாக்கும் மலேரியா பல நேரம் இந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கும். (நம் பாட்டிமார் சொன்ன பட்சி தோஷம் உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்தது.) அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறவரோ, புரியாமல் விழிக்கிறவரோ கேள்வி கேட்கப் போனால் தாள் காலியாகத்தான் திரும்பும்.

படிவத்தில் கட்டம் கட்டமாக ஆம், இல்லை என்று போட இடமுண்டு. அதோடு, தாய் சொன்னதைச் சொன்னபடியே எழுத ஒரு வெற்றிடமும் உண்டு. அந்தத் தாள் இரண்டு டாக்டர்களிடம் தனித்தனியாகப் போகும். ஒருவர் மலேரியா, மற்றவர் நிமோனியா என்று எழுதினால் மூன்றாமவரிடம் போகும். மூவருமே அந்தக் குழந்தையைப் பார்த்ததில்லை, தாயையும் பார்த்ததில்லை. அவர்கள் கையில் இருப்பது அந்தப் பெண் எழுதிக்கொண்டு வந்த அரைப்பக்கம்தான்.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். நன்றி, வணக்கம்.