முதலில் கையில் கிடைத்த கேசட்

வணக்கம் நேயர்களே. ராக் இசைக்குழு ஒன்று பாணியை மாற்றினால் ரசிகர்களுக்கு ஏன் இத்தனை கோபம் வருகிறது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் கிதார் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவன். என் வகுப்பில் இந்தச் சண்டையை விலக்கிவிடுவதும் என் வேலைதான்.

1966 மே மாதம், இங்கிலாந்தின் மான்செஸ்டர். முதல் பாதியில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் தனியாளாக, சாதா கிதாரும் மவுத் ஆர்கனுமாகப் பாடினார். கூட்டம் மூச்சுவிடாமல் கேட்டது. இடைவேளைக்குப் பின் எலக்ட்ரிக் கிதார், டிரம்ஸ் என்று குழுவோடு வந்தார். ஒரே கூச்சல். பாட்டுக்குப் பாட்டு வேண்டுமென்றே மெல்லக் கைதட்டி வெறுப்பேற்றினார்கள். கடைசியில் ஒருவர் "யூதாஸ்!" என்று கத்தினார். இயேசுவைக் காட்டிக்கொடுத்தவனின் பெயர் அது. கிறிஸ்தவர்கள் நிறைந்த நம் குமரி மாவட்டத்துக் கோட்டாறிலும் முளகுமூட்டிலும் இந்த வசவின் கனத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "உன்னை நம்பமாட்டேன், நீ பொய்யன்" என்றார் டிலன். குழுவிடம் திரும்பி, சத்தமாக வாசிக்கச் சொன்னார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், டிலன் எலக்ட்ரிக் கிதாரோடு மேடையேறிப் பல மாதம் ஆகியிருந்தது. அந்த இசைத்தட்டுகளும் கடைக்கு வந்துவிட்டன. தெரிந்தேதான் டிக்கெட் வாங்கினார்கள்! பிடிக்காதவன் வீட்டில் இருந்திருக்கலாமே? ஆனால் அவர்களுக்கு அடி விழுந்தது காதில் இல்லை. டிலனின் பழைய பாட்டுகள் போருக்கும் நிறவெறிக்கும் எதிரானவை. எலக்ட்ரிக் கிதார் என்றால் காசுக்குப் பாடும் பாப் கூட்டத்தின் சாமான். நம்ம ஆள் கட்சி மாறிவிட்டான் என்பதுதான் ஆத்திரம்.

சரி, மெட்டாலிக்கா என்ற அமெரிக்க ராக் குழுவுக்கு வருவோம். 1983இல் அசுர வேகத்தோடு வந்த குழு, 1991இல் கறுப்பு அட்டை ஆல்பத்தில் வேகத்தைக் குறைத்தது, பாட்டையும் சுருக்கியது. விலைபோய்விட்டார்கள் என்றார்கள் பழைய ரசிகர்கள். 1996இல் முடியை வெட்டிக்கொண்டதற்கும் திட்டு விழுந்தது.

நம் ஊரில் கதை தலைகீழ். வளைகுடாவிலிருந்து மாமன் கொண்டுவந்ததோ, கடைக்காரர் பதிந்து கொடுத்ததோ, எது கிடைத்ததோ அதுதான் நமக்கு முதல் ஆல்பம். பலருக்கு அந்தக் கறுப்பு அட்டைதான் முதலில் வாய்த்தது. பிறகு 1986 ஆல்பம் கைக்கு வந்தபோது, "இது என்னடே, இப்படி ஓடுது?" என்றார்கள். பழசுதான் அவர்களுக்கு மாற்றமாகப் பட்டது. ஆகவே, அசல் எது என்பதைக் காலண்டர் முடிவு செய்வதில்லை. யார் எதை முதலில் கேட்டார் என்பதே முடிவு செய்கிறது.

நம் கோயில் கொடை விழா வில்லுப்பாட்டிலும் இதுதான் நடக்கிறது. குடம், உடுக்கை, கட்டையோடு கேட்டு வளர்ந்த பெரியவர்கள் கீபோர்டைக் கண்டதும் முகத்தைச் சுளித்தார்கள். விடியும்வரை எழுந்து போகவும் இல்லை. இன்றைய பையன்களோ, கீபோர்டு இல்லாத குழு வந்தால், "என்ன அண்ணே, கீபோர்டு இல்லையா?" என்று கேட்கிறார்கள்.

அதற்காக ரசிகன் சொல்வதெல்லாம் வெறும் பழக்கதோஷம் என்று தள்ளிவிடவும் முடியாது. மெட்டாலிக்காவின் 2003 ஆல்பத்தில் கிதார் சோலோவே, அதாவது பாட்டுக்கு நடுவே கிதார் மட்டும் முன்னுக்கு வந்து வாசிக்கும் பகுதியே, கிடையாது. டிரம்ஸில் சுருக்கென்று அடி விழும் ஸ்நேர் டிரம் தகர டப்பா மாதிரி ஒலிக்கிறது என்று உலகமே கத்தியது. நானும் அந்தக் கட்சிதான். எந்த வரிசையில் கேட்டாலும் அது தகரம். 2008இல் வந்த அடுத்த ஆல்பத்தில் சோலோ திரும்பியது, ஸ்நேரும் ஒழுங்காக ஒலித்தது. அப்புறம், பதிவில் சத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றிக் கெடுத்துவிட்டார்கள் என்று அதற்கும் சண்டை தொடங்கியது.