பதினோரு படிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

உடல், மனம், ஆன்மா மூன்றும் நலமாயிருக்க நமக்கு நாமே எப்படி இலக்கு வைத்துக்கொள்வது என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். விழுந்து எலும்பு முறிந்தவர்கள், அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர்கள், பக்கவாதத்தால் ஒரு பக்கம் தளர்ந்தவர்கள், இவர்களை மறுபடி எழுந்து நடக்கவைப்பது என் வேலை. 26 வருடமாக இதைத்தான் செய்கிறேன். அதனால் இலக்கு என்பது எனக்கு மேடையில் பேசுகிற சொல் இல்லை. ஒரு நோயாளியின் ஏட்டைத் திறந்ததும் நான் எழுதவேண்டிய முதல் வரியே அதுதான்.

உங்களை ஒன்று கேட்கிறேன். 'நாளையிலிருந்து' என்று ஆரம்பிக்கிற வாக்கியம் ஒன்று உங்களிடமும் இருக்கும், இல்லையா? நாளையிலிருந்து நடக்கப் போகிறேன். நாளையிலிருந்து நேரத்துக்குத் தூங்கப் போகிறேன். நாளையிலிருந்து பிள்ளைகள்மேல் எரிந்து விழமாட்டேன். நல்ல ஆசைகள்தான். ஆனால் ஆசைக்குக் கால் கிடையாது. 'உடம்பைக் குறைக்கணும்' என்று சொல்லிவிட்டுப் படுத்தால், காலையில் கண் விழித்ததும் என்ன செய்வது என்று அந்த வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை. 'பல் தேய்த்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புவேன்' என்று சொல்லிப் பாருங்கள். எப்போது, எதற்கு அடுத்து, என்ன, எவ்வளவு, எல்லாம் அதிலேயே இருக்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான். 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கிறவர்கள், செய்யவேண்டும் என்று வெறுமனே நினைத்துக்கொள்கிறவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று 1999-இல் எழுதினார்.

அப்புறம், எவ்வளவு என்ற கேள்வி. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் 'தினமும் பத்தாயிரம் அடி நடக்கணுமாமே' என்று கேட்கிறார்கள். அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? 1965-இல் ஜப்பானில் ஒரு நிறுவனம், இடுப்பில் மாட்டிக்கொண்டால் அடிகளை எண்ணும் சின்னக் கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மான்போ-கெய் என்று அதற்குப் பெயர். பத்தாயிரம் அடி எண்ணி என்று அர்த்தம். விற்பனைக்காக வைத்த பெயர், போகப்போக உலகம் முழுவதற்கும் இலக்காகிவிட்டது. பிறகு 2019-இல் ஐ-மின் லீ என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவினரும், சராசரியாக 72 வயதான 16,741 பெண்களின் அடிகளை எண்ணிப் பார்த்தார்கள். நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிடச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது. சுமார் 7,500 அடி வரை நடக்க நடக்க நன்மை கூடியது. அதற்கு மேல் பெரிதாகக் கூடவில்லை.

இதைச் சொல்வது, நன்றாக நடக்கிறவர்களை நிறுத்துவதற்காக இல்லை. பத்தாயிரத்தை நினைத்து மலைத்துப்போய் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன். இன்று உங்களால் 2,000 அடிதான் முடிகிறதென்றால் உங்கள் இலக்கு 2,300. பத்தாயிரம் உங்கள் எண் கிடையாது, விட்டுவிடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு. மிதமான என்றால், நடந்துகொண்டே பேசமுடியும், பாட்டுப் பாடத்தான் மூச்சு போதாது, அந்த வேகம். வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. 65 வயதைத் தாண்டியவர்கள் மூன்று நாளாவது, தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் சேர்த்துக்கொள்ளவேண்டும். இந்தக் கடைசியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மறந்தவர்களைத்தான் நான் படுக்கையில் பார்க்கிறேன்.

சரி, இப்போது ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் எங்கே பேசினாலும் அவர் வந்துவிடுவார். நான் வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவருக்கு 71 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். நான் வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கவேண்டும். முதல் நாள் ஏட்டைத் திறந்து இலக்கை எழுதிவிட்டு அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'மூன்று மாதத்தில், பிறர் உதவியில்லாமல் அரைமணி நேரம் நடப்பது.'

அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நடந்து நான் எங்கே போறது, தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கட்டிலில் இருந்தபடியே வாசலுக்கு அப்பால் கையைக் காட்டினார். அங்கே மாடிப்படி தெரிந்தது. மேலே ஒரு அறை, கிழக்கே பார்த்த ஜன்னல், ஜன்னலோரம் ஒரு நாற்காலி. விடியும் முன்னே ஏறிப் போய் அங்கே உட்காருவது அவருக்குப் பல வருட வழக்கம். "சாமி கும்பிடுவீங்களாம்மா?" என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்லத் தெரியாது. உட்கார்ந்திருப்பேன். வெளிச்சம் வரும். அப்புறம் இறங்கி வந்து வேலையைப் பார்ப்பேன்" என்றார்.

நான் எழுதியதை அடித்துவிட்டேன். படிகளை எண்ணினேன். பதினொன்று. 'பதினோரு படி' என்று எழுதினேன். அந்த ஏட்டில் நான் எழுதிய உருப்படியான வரி அதுதான்.

உடனே படியேறிவிடவில்லை. முதலில் கட்டிலில் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து நிற்பது: முதல் வாரம் இரண்டு கையையும் ஊன்றி, அடுத்து ஒரு கையை ஊன்றி, கடைசியில் கையே வைக்காமல். நேயர்களே, படியேறும் வலு நாற்காலியில்தான் தயாராகிறது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து பாருங்கள். வண்டி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வேண்டாம், முட்டியிலோ இடுப்பிலோ வலி இருப்பவர்களும் வேண்டாம். எழ முடிந்ததா? சிரமமாக இருந்ததா? சிரமமாக இருந்தால், அடுத்த மாதத்துக்கு உங்கள் இலக்கு அதுவாகவே இருக்கட்டும். தினமும் ஐந்து முறை எழுந்து உட்காருவது.

பிறகு படி. நாங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பது: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது நோகும் கால் முன்னே. அவர் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேதான் ஏறுவார். கைப்பிடியை அவர் பற்றியிருந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடிப்பார். மூன்றாவது வாரம் நான் பார்த்தது முட்டியை இல்லை, அந்த விரல்களைத்தான். கொஞ்சம் தளர்ந்திருந்தன. பயம் குறைந்தது அங்கேதான் தெரிந்தது. அவர் பேரன் ஒரு சாக்பீஸ் எடுத்து, பாட்டி எந்தப் படியை எந்தத் தேதியில் தொட்டார் என்று படியோரமே எழுதிவைத்தான். ஏழாவது படி வரைக்கும் தேதி ஏறிவிட்டது.

அப்போது காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் படுக்கை.

வயதானவர்களுக்குப் படுக்கை என்ன செய்யும் என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 2007-இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், நோய் நொடி இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு, பத்தே நாளில்! அந்த அம்மாவுக்குக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. நான் போனபோது கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழக்கூட முடியவில்லை. இனி மனசு விட்டுப்போகும், வேண்டாம் தம்பி என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அப்படிச் சொன்ன பலரைப் பார்த்திருந்தேன்.

அவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் கீழே வந்து நின்றார். ஏழாவது படியில் இருந்த தேதியைக் கொஞ்சநேரம் பார்த்தார். "அங்கே இப்ப போகமுடியாது. எதுவரைக்கும் முடியுதுன்னு பார்ப்போம்" என்றார். இரண்டு படி முடிந்தது. இறங்கியதும் பேரனைக் கூப்பிட்டார். இரண்டாவது படியில் பழைய தேதி இருந்ததல்லவா, அதை அழிக்கப் போனான். "அதை ஏன் அழிக்கிறே? கீழே எழுது" என்றார். பழைய தேதிக்குக் கீழே அன்றைய தேதி ஏறியது.

நாம் எல்லோரும் விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும் என்று நினைக்கிறோம். அவர் முடிந்த இடத்திலிருந்து தொடர்ந்தார். நான் பார்த்தவரையில், விட்டுப்போன நாளில் யாரும் கைவிடுவதில்லை. ஒரு மாதம் விட்டதை ஒரே நாளில் ஈடுகட்டப் பார்க்கிறார்களே, அன்றைக்குத்தான் கைவிடுகிறார்கள். பழைய எடையையே தூக்கப் போய்த் தசை பிடித்துக்கொள்கிறது, பழைய தூரத்தையே நடக்கப் போய் முட்டி வீங்கிவிடுகிறது. அதனால் நான் யாருக்கு இலக்கு எழுதினாலும் கூடவே இன்னொரு வரி எழுதச் சொல்கிறேன். 'விட்டுப்போனால், திரும்பி வரும் நாளில் பாதிதான் செய்வேன்.' இதை முதல் நாளே எழுதிவிடவேண்டும். விட்டுப்போன பிறகு எழுதினால் அதில் குற்ற உணர்ச்சி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

21 நாள் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் தொடர்ந்து கவனித்தார். ஒரு செயல் தானாக வரும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளிலேயே, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. 22-ஆம் நாளும் கஷ்டமாகத்தான் இருக்கிறதே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனதுக்கு வருகிறேன். இங்கேயும் அதேதான். 'கோபப்பட மாட்டேன்' என்பதை இலக்காக வைக்கமுடியாது, கோபம் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 'கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பதில் சொல்வேன்' என்று வைக்கலாம். தூக்கம் ஏழு மணி நேரமாவது வேண்டும், ஆனால் தூக்கத்துக்கும் கட்டளை போடமுடியாது. போனைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டு வருவது நம் கையில் இருக்கிறது. மனதில் எதையாவது சுமந்துகொண்டிருப்பவர்களுக்கு எழுதுவது உதவும். ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986-இல் கல்லூரி மாணவர்களிடம், மனதைப் புண்படுத்திய ஒன்றைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் சொன்னார். எழுதிய அன்று அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. ஆனால் நடந்ததோடு தாங்கள் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே பிடிப்பில்லாமல், துக்கம் விலகாமல் இருந்தால், இலக்கு வைத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மருத்துவரிடம் போங்கள். உடைந்த எலும்பை நடந்து நடந்து சரிசெய்ய யாரும் சொல்லமாட்டோம் இல்லையா?

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் இருக்கிறது. ஆன்மாவுக்கு நான் ஒதுக்கி வைத்திருந்த நேரத்தைப் படிக்கட்டு எடுத்துக்கொண்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் 1948-இல் நடைமுறைக்கு வந்தபோது, உடல், மனம், சமூக நலம் மூன்றையும் சேர்த்துத்தான் ஆரோக்கியம் என்றது. 1998-இல் அதன் செயற்குழு, ஆன்மிகத்தையும் அந்த வரியில் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் வரி மாறவில்லை. இன்றைக்கும் பழையபடியேதான் இருக்கிறது. அளக்க முடியாததை எப்படி எழுதுவது என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது, நானும் ஏட்டில் அளந்து எழுதுகிறவன்தான். ஆனாலும் நம்பிக்கை உள்ளவரோ இல்லாதவரோ, ஒரு இடம், ஒரு நேரம், ஐந்து நிமிடம் என்று குறித்துக்கொள்ளலாம். அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். உடம்புக்கு வைக்கிற கணக்கு அங்கே வேண்டாம்.

அந்த அம்மா பதினோராவது படியைத் தொட்டது மூன்றாம் மாதத்தில் இல்லை, ஐந்தாம் மாதத்தில். விடியற்காலையில், மகன் பின்னாலேயே வர ஏறியிருக்கிறார். நான் அன்று சாயங்காலம்தான் போனேன். படியோரம் தேதி இருந்தது. மேலே போய் என்ன பண்ணினீங்கம்மா என்று கேட்டேன்.

"உட்கார்ந்திருந்தேன்" என்றார்.

நேயர்களுக்கு நன்றி, வணக்கம்.