அப்பா கொடுத்தது நஷ்டம், அம்மா கொடுத்தது முதல்

வணக்கம். விக்டோரியா காலத்து வணிகக் குடும்பங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒரே ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்கிறேன்: கேட்பரி.

இன்று அந்தப் பெயரைக் கேட்டாலே பிள்ளைகளுக்கு நாக்கு ஊறும். ஆனால் 1861-இல் பர்மிங்ஹாமில் ஜான் கேட்பரி தன் கோகோ ஆலையை மகன்களிடம் ஒப்படைத்தபோது, அது மூழ்கிக்கொண்டிருந்தது. 1855-இல் மனைவி கேண்டியா இறந்தபின் அவருக்குத் தொழிலில் மனம் ஒட்டவில்லை. அண்ணனோடு இருந்த கூட்டும் கலைந்துவிட்டது. பொறுப்பேற்ற ரிச்சர்டுக்கு வயது 25, தம்பி ஜார்ஜுக்கு 21.

சரி, முதல் எங்கிருந்து வந்தது? அம்மா வழியில், ஆளுக்கு 4,000 பவுண்டு. அதை அப்படியே ஆலையில் கொட்டினார்கள். கூட்டு வியாபாரம் என்றால் அன்று கடன் கடையோடு நிற்காது, வீட்டு வாசல்வரை வரும். இவர்களோ குவேக்கர்கள், நேர்மையில் கறாரான ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். கடன்காரர்களுக்குப் பட்டை நாமம் போட்டால் சபையே ஒதுக்கி வைத்துவிடும். அதனால் கடன் ஏறுவதற்குள் ஆலையை மூடிவிடுவது என்று பேசி வைத்திருந்தார்கள். மூடினால் ஜார்ஜ் இமயமலைப் பக்கம் தேயிலை பயிரிடப் போவதாகத் திட்டம். அதே ஜார்ஜ்தான் சிக்கனத்துக்காகத் தேநீர் குடிப்பதையும் காலைப் பத்திரிகையையும் நிறுத்தியவர்!

அவர்கள் விற்ற கோகோவில் கோகோ ஐந்தில் ஒரு பங்குதான். மீதி உருளைக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி, சர்க்கரைப் பாகு. கலப்படம் என்று உடனே திட்டிவிடாதீர்கள். கோகோவின் கொழுப்பு கோப்பையில் எண்ணெயாக மிதக்கும். அதை உறிஞ்சத்தான் மாவு. ஹாலந்தில் வான் ஹூட்டன் குடும்பத்தார் அந்தக் கொழுப்பை இயந்திரத்தில் பிழிந்தே எடுத்தார்கள். ஜார்ஜ் அங்கே போய் ஓர் இயந்திரம் வாங்கி வந்தார். 1866-இல் மாவு சேராத கோகோ கடைக்கு வந்தது. பிழிந்த கொழுப்பும் வீணாகவில்லை, சாக்லேட்டுக்குப் போனது.

வியாபாரம் தேறி, 1879-இல் பர்மிங்ஹாமுக்கு வெளியே போர்ன்வில்லில் புது ஆலை. அப்பா அதையும் பார்த்துவிட்டு 1889-இல்தான் காலமானார்.

அடுத்த கைமாற்றம் 1899-இல், ரிச்சர்டு ஜெருசலேமில் இறந்தபோது. ஒருவர் போனால் தொழிலை, கடன் வீட்டு வாசல்வரை வராத லிமிடெட் கம்பெனியாக்குவது என்று அண்ணன் தம்பிகள் முன்பே பேசி முடித்திருந்தார்கள். ஜார்ஜ் தலைவரானார். அவருடைய மகன்கள் இருவர், அண்ணன் மகன்கள் இருவர் இயக்குநர்கள். சொத்துத் தகராறு இல்லாமல் காரியம் முடிந்தது. இரண்டு வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த மேசையில் அன்று நாற்காலி போடவில்லை.